வயிற்றுவலி என்று சொன்னார்கள்

"வயித்துவலி தம்பி," என்றார் பழனிமுத்து. "தீராத வயித்துவலி. திண்டுக்கல், மதுரைன்னு பாக்காத ஆஸ்பத்திரி இல்ல. ஒண்ணும் கேக்கல."

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனோஜ்குமார் மெல்லத் தலையாட்டினான். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படிப்பவன். காலையிலிருந்து வெள்ளிப்பள்ளத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். போன வீட்டிலெல்லாம் இதே வயிற்றுவலியைத்தான் கேட்டிருப்பான் என்று, தேநீர் கொண்டுவந்த சுதாராணிக்குத் தோன்றியது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஊர்ல எல்லாருக்குமே வயிறுதான் வலிக்குது. தண்ணியில ஏதாச்சும் இருக்குமோ?"

"தண்ணி நல்ல தண்ணி. ஊத்துத் தண்ணி. வேணும்னா குடிச்சுப் பாருங்க."

பழனிமுத்து சொன்னதில் கிண்டல் இல்லை. பையனும் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் சுதாராணியால் தட்டை வைத்துவிட்டு உள்ளே போக முடியவில்லை. கதவருகே நின்றாள். அவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். பழனிமுத்துவின் இளைய மகன் பழனிக்குமார் போய் இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. அவனுக்கு ஒருநாளும் வயிறு வலித்து அவள் பார்த்ததில்லை. களியும் கீரையும் வைத்தால் இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிறவன் அவன். போன நடவு சமயத்தில் ஒரு மத்தியானம், காட்டுக் கொட்டகையில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அன்று சாயங்காலமே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. போலீஸ்காரரிடம் அப்படித்தான் சொன்னார்கள். சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான். இப்போது பழனிமுத்து சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் தன் வயிற்றைத் தடவிக்கொள்கிறது.

"ஒரே மலை," என்றான் மனோஜ்குமார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறவனைப்போல. "ஒரே பனி, ஒரே பூண்டு, ஒரே சந்தை. ஆனா ஒரு ஊர்ல அடிக்கடி நடக்குது, பக்கத்து ஊர்ல அவ்வளவா இல்ல. நாடு முழுக்கவும் இப்படித்தாங்க. தெக்க அதிகம், வடக்க கம்மி. வறுமையாலன்னு சொல்லலாம்னா, ரொம்ப ஏழ்மையான எடத்துல கம்மியா இருக்கு. நடக்கறதே கம்மியா, இல்ல வெளியில சொல்றது கம்மியான்னும் தெரியல. ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

"பூண்டு பூராவும் மலைப்பூண்டு தம்பி. காரம் ஜாஸ்தி," என்றார் பழனிமுத்து. எழுந்து, கூரை இறவாணத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டில் ஒரு கொத்தை அவிழ்த்து அவன் மடியில் வைத்தார். "அம்மாகிட்டக் குடுங்க. வந்தவங்கள வெறுங்கையா அனுப்பறதில்ல நாங்க."

பையன் பூண்டோடு போனான். மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய தட்டுகளில் கீழ்த்தட்டில், பழனிக்குமாரின் மனைவி ரோகிணி தனியாக உட்கார்ந்து விதைப் பூண்டைப் பல் பல்லாக உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்த ஜீப் கிளம்பிய சத்தத்துக்குக்கூட அவள் நிமிரவில்லை.

சுதாராணி அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தாள். பதில் தெரியாததால் அல்ல. பதிலின் ஒரு நுனி தன் கையில் இருப்பதுபோலவும், அதை இழுத்தால் வேறு எதுவோ அவிழ்ந்து விழும் என்பதுபோலவும் இருந்தது.

வெள்ளிப்பள்ளத்தில் இப்படி ஒரு சாவு விழுந்தால் மேளம் கிடையாது. பெரிய தெரு வழியாகத் தூக்கிப்போவதில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு இல்லை. துக்கம் கேட்க ஆள் வருவதில்லை. இறந்தவனின் பெயரை யாரும் எடுப்பதில்லை. முக்கியமாக, ஒரு வருசத்துக்கு அந்த வீட்டாரை மாற்றாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பூண்டு நடவும் அறுவடையும் இங்கே கூலிக்கு நடப்பதைவிட மாற்றாளில் நடப்பதுதான் அதிகம். இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து நட்டுக்கொண்டே போவார்கள். மருமகளின் குறை, மாமியாரின் குறை, புருசனின் குடி, எல்லாம் அந்த வரிசையில்தான் பேசித் தீரும். வருசம் முடியும்வரை துக்க வீட்டுப் பெண்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. தீட்டு என்று யாரும் சொன்னதில்லை. "பாவம், மனசு ஆறட்டும், அவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்" என்பார்கள். அதை உண்மையான அன்போடுதான் சொல்வார்கள். சுதாராணியை அச்சுறுத்தியது அந்த அன்புதான்.

ஏனென்றால் ரோகிணியின் மனசு ஆறவில்லை. அது அமைதியாகிக்கொண்டு வந்தது.

முதல் சில மாதங்கள் அவள் அழுதாள், கத்தினாள், மாமியார் வீரம்மாளோடு சண்டை போட்டாள். மகளைப் பாலசமுத்திரத்தில் தன் அம்மா வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தபிறகு சண்டை நின்றது. போன வாரம் தன் கோழியையும் குஞ்சுகளையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்து சுதாராணியின் வாசலில் வைத்தாள். "நீங்க வளங்கக்கா. எனக்கு இதுகளப் பாக்கறது தொந்தரவா இருக்கு." நேற்று, பழனிக்குமார் வாங்கிக்கொடுத்த நீலச் சுவெட்டரை மடித்துக்கொண்டு வந்தாள். "ஒங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கெதுக்கு?" அதைச் சொல்லும்போது சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. குளிர் இன்னும் போகாத மாதத்தில் சுவெட்டரைக் கொடுத்துவிட்டுப் போகிறவளின் முதுகையே சுதாராணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம், கணவன் சிவமுருகன் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிவிட்டு வந்ததும் சொன்னாள்.

"ரோகிணி நடந்துக்கறது எனக்குச் சரியாப் படல."

"என்ன பண்றா?"

"பொருளெல்லாம் குடுக்கறா. பயமா இருக்கு. கேக்கலாமான்னு பாக்கறேன்."

"என்னத்தக் கேப்ப?"

கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கூட்டியபிறகு, அதைவிடச் சத்தமாக, "நீ எதையாச்சும் கெளப்பிவிட்டுராத சுதா. சும்மா கெடக்கறதப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துரும்," என்றான். அவன் கண் டிவியில் இல்லை. செத்துப்போனது அவன் தம்பி. அந்தப் பெயரை அவனும் இதுவரை எடுக்கவில்லை.

சுதாராணி பிறந்தது பாச்சலூருக்கு அந்தப் பக்கம், ஒரு காலனியில். அவள் தாத்தாவும் மற்றவர்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே லயத்தில் வாழ்ந்தார்கள், ஒரே நீளக் கட்டடம், வரிசையாகக் காம்பரா என்கிற ஒற்றை அறைகள், நடுவில் ஒற்றைச் சுவர். இங்கே வீடு கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தும், தள்ளித் தள்ளிக் கட்டத் தெரியாமல் சுவரோடு சுவராகவே கட்டிக்கொண்டார்கள். அவள் சின்ன வயதில் விடியற்காலையில் ஒரு வீட்டில்தான் முதலில் அடுப்பு எரியும். அங்கிருந்து கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிப்போய் அடுத்த வீடு பற்றவைக்கும், அதனிடமிருந்து அடுத்தது. கங்கு கொடுக்க வருகிறவள் கையில் ஒரு டம்ளர் தேத்தண்ணியும் இருக்கும். கதவு திறக்காவிட்டால் சுவரில் இடிப்பார்கள். அப்போதும் திறக்காவிட்டால் உள்ளே வந்துவிடுவார்கள். தாழ்ப்பாள் என்பது காற்றுக்காகப் போடுவது.

அதை அவள் எவ்வளவு வெறுத்தாள். வயதுக்கு வந்த பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து அழ ஒரு மூலை கிடையாது. இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து கசாயம் வரும். கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தபோது சிவமுருகனைப் பிடித்தது. அவனுடைய சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் தாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, முதல் நாள் அறைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஒரு சத்தமும் இல்லை. யாருடைய இருமலும் இல்லை. அந்தச் சாத்தின கதவைத்தான் தான் கல்யாணம் செய்துகொண்டதாகச் சிவமுருகனிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது, தன் வீட்டிலிருந்து இரண்டு தட்டு கீழே, ரோகிணியின் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பச்சை வர்ணம் புதிதாக இருந்தது. அந்த வீட்டுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் மரியாதை.

காலனிக்குப் போன் செய்தாள். அம்மா இராசாத்தி எடுத்தாள்.

"அம்மா, நம்ம காலனியில இந்த மாதிரி... தானாப் போய்க்கிட்டவங்க கம்மிதானே?"

"ஏன் பிள்ள கேக்கிற? என்ன ஆச்சு?"

"சும்மாதான். சொல்லு."

"வந்த புதுசுல ரெண்டு மூணு. கடன்காரன், மழை, பசி. அப்பறம் ஒண்ணுமில்ல."

"அது ஏன்னு நெனைக்கிறேன்னா, காலையில ஒருத்தர் கதவ ஒருத்தர் தட்டுவீங்கல்ல. நெருப்புக் குடுக்க. அந்த அக்கறைதான்."

அம்மா சிரித்தாள். "அக்கறையாவது, மண்ணாவது. நெருப்புப் பெட்டி வாங்க வக்கில்ல பிள்ள எங்களுக்கு. மழையில குச்சி நமுத்துப்போகும். அதான் போய் நின்னோம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சில முழிக்கவே எனக்குப் புடிக்காது. இருந்தாலும் அவகிட்டத்தான் போகணும்." பிறகு குரல் இறங்கியது. "இப்ப எல்லா வீட்லயும் கேஸ் வந்துருச்சு. யாரும் யாருகிட்டயும் போறதில்ல. போன மாசம் நம்ம சுந்தரராஜ் மகன், மதன் இருக்கான்ல. கடைசி நிமிசத்துல பாத்துக் காப்பாத்தினாங்க. ஒனக்குச் சொல்ல வேணாம்னு இருந்தேன். அவங்க வீட்லயும் வயித்துவலின்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க."

போனை வைத்தபிறகும் சுதாராணி அங்கேயே நின்றாள். அவள் ஊர் நல்ல ஊர், இது கல் நெஞ்சுக்காரர்களின் ஊர் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அது கலைந்துவிட்டது. நல்ல மனசு இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் இருந்திருக்கிறது. அங்கே ஒரு நமுத்துப்போன தீக்குச்சி, பிடிக்காதவர்களையும் கதவைத் தட்ட வைத்தது. இங்கே தட்டுவதற்கு யாருக்கும் ஒரு சாக்கு இல்லை.

மறுநாள் வெள்ளனே, தேத்தண்ணி போட்டு ஒரு டம்ளரில் ஊற்றி மூடிக்கொண்டு, பனி ஈரத்தில் கால் வழுக்காமல் இரண்டு தட்டு இறங்கிப்போய்ப் பச்சைக் கதவைத் தட்டினாள்.

திறக்க நேரமானது. ரோகிணி தலை கலைந்து நின்றாள்.

"என்னக்கா, எங்க வீட்ல அடுப்பு இல்லன்னு நெனச்சீங்களா?"

"ஒன் அடுப்பு எரிஞ்சா எனக்கென்ன, எரியாட்டி எனக்கென்ன. மிச்சமாயிருச்சு, கொண்டாந்தேன்."

"விடியறதுக்குள்ள மிச்சமா?"

"அளவு தெரியாமப் போட்டுட்டேன். குடி, ஆறிரும்."

அடுத்த நாளும் மிச்சமானது. அதற்கடுத்த நாளும். ரோகிணிக்குக் கோபம் வந்தது. "ஒங்க லயத்துப் பழக்கத்த இங்க கொண்டாராதீங்கக்கா. இங்கெல்லாம் அடுத்த வீட்டுக் கதவத் தட்ட மாட்டாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சீனி சரியா இருக்கான்னு சொல்லு."

"ஜாஸ்தி," என்றாள் ரோகிணி. ஆனால் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கொடுத்தாள்.

நடவு நாள் வந்தது. மற்றக் காடுகளில் பெண்கள் கூட்டமாக நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் பள்ளத்தைத் தாண்டி இங்கே வந்தன. இந்தக் காட்டில் நான்கு பேர். பழனிமுத்துவும் வீரம்மாளும் மேல்தட்டில், மருமகள்கள் இருவரும் கீழ்த்தட்டில். பூண்டுப் பல்லின் நுனி மேலே பார்க்கும்படி ஈர மண்ணில் அழுத்திக்கொண்டே நகர வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தபோது ரோகிணியின் கை ஒரு விநாடி நின்றது. அவளும் அந்த வரிசையில் சிரித்தவள்தான். ஊரில் யார் எப்படி நடப்பார்கள் என்று நடித்துக்காட்டி வயிறு புண்ணாகச் சிரிக்க வைப்பவள்.

சுதாராணிக்கு அதற்கு மேல் முடியவில்லை. கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. கேட்காமல் விட்டதால் என்ன ஆனது என்பது தெரியும்.

"ரோகிணி. ஒண்ணு கேக்கேன். செத்துப்போகணும்னு தோணுதா ஒனக்கு?"

ரோகிணியின் கை ஒரு பல்லை ஊன்றியது. இன்னொன்றை எடுத்தது. அதையும் ஊன்றியது.

"கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"கேட்டுட்டேன்."

"ஒருத்தரும் கேக்கலக்கா. எங்கம்மா தெனமும் போன் பண்ணி, சாப்புட்டியான்னுதான் கேக்குது. பாப்பாவக் குடு பேசறேன்னா, அது வெளையாடுதுங்குது. நான் அழுதுருவேன்னு பயம்." மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோணும். எப்பவும் இல்ல. காலையில முழிச்சதும் தோணும். அப்பிடியே படுத்துக் கெடப்பேன். அப்பறம் கோழி கத்தும். சனியன், தெறந்துவிடணுமேன்னு எந்திரிப்பேன். எந்திரிச்சுட்டா கொஞ்சம் கொறையும்."

சுதாராணி நடுவதை நிறுத்திவிட்டாள்.

"அதனாலதான் கோழியக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தியா?"

ரோகிணியின் முகம் முதல்முறையாக நிமிர்ந்தது. தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. பிறகு, சத்தமில்லாமல், மண் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். மேல்தட்டில் வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். மூத்த மருமகளையும் இளைய மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், இறங்கி வந்து ரோகிணிக்கு மறுபக்கத்தில் குத்தவைத்து நடத் தொடங்கினாள்.

அன்றே கூடையோடு கோழி திரும்பிப் போனது.

"குடுத்ததத் திருப்பித் தரக்கூடாதுக்கா."

"யாரு தந்தா? கோழி என்னோடது. ஒன்கிட்ட வளக்க விட்டிருக்கேன். முட்டை எனக்கு வந்துரணும்."

"குஞ்சு?"

"குஞ்சையும் எண்ணித்தான் விட்டிருக்கேன்."

சிவமுருகனிடம் அன்று அவள் எதையும் கேட்கவில்லை, சொன்னாள். ரோகிணி வீட்டிலும் காட்டுக் கொட்டகையிலும் இருந்த பூச்சிமருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கார் ஷெட்டில் வைத்துப் பூட்டச் சொன்னாள். இந்த மலையில் உப்புப்போல எல்லா வீட்டிலும் அது கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு மனசு ஒரு மணி நேரம் கெட்டுப்போனால் அந்த ஒரு மணி நேரம் போதும். சிவமுருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான்.

பழனிமுத்துதான் முணுமுணுத்தார். "மருந்தத் தூக்கிப் பூட்டி வச்சா, தெளிக்கறப்ப யாரத் தேடிப்போறது?"

"நானே எடுத்துத் தாரேன் மாமா."

மறுநாள் சுதாராணி ஷெட்டைத் திறக்கப் போனபோது கதவருகே, சாக்கில் சுற்றிய இன்னொரு டப்பா இருந்தது. பழனிமுத்துவின் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது அது. அது அங்கே இருந்ததே அவர்கள் யாருக்கும் தெரியாது. சுதாராணி அதையும் உள்ளே வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து காலையில் அவருக்கும் ஒரு டம்ளர் மிச்சமாகத் தொடங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று அவள் நினைக்கவில்லை. சில காலைகளில் ரோகிணி நன்றாகப் பேசினாள், பக்கத்துத் தோட்டக்காரரின் நடையை நடித்துக் காட்டினாள். சில காலைகளில் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும்வரை சுதாராணி காத்திருப்பாள். தன் பிறந்த வீட்டில் தான் எதைச் சகிக்காமல் ஓடிவந்தாளோ அதையே இங்கே செய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சில நாள் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒருத்தியின் தனிமைக்குள் டம்ளரோடு போய் நிற்க நான் யார்? கொடைக்கானலில் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலத்துக்கு டாக்டர் வருகிறார் என்று விசாரித்து வைத்திருந்தாள். இருமுறை சொன்னாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் ரோகிணி இருமுறையும்.

அப்புறம் ஒருநாள் சுதாராணி காய்ச்சலில் படுத்தாள். சிவமுருகன் சவாரிக்காக வெள்ளனே கிளம்பிப் போய்விட்டான். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவளுக்குப் பொழுது விடிந்ததே தெரியவில்லை. கதவு தட்டப்படும் சத்தம் கனவில் கேட்பதுபோல இருந்தது. இந்த ஊருக்கு வந்தபிறகு அவள் கதவை யாரும் தட்டியதில்லை. வீரம்மாள்கூட முற்றத்தில் நின்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

திறந்தாள். ரோகிணி. கையில் நேற்றைய வெறும் டம்ளர்.

"தேத்தண்ணி வரல," என்றாள்.

"காய்ச்சல்டி. எந்திரிக்க முடியல."

ரோகிணி உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"இன்னிக்கு வந்துருச்சுக்கா. ரொம்ப வந்துருச்சு. கோழி கத்துச்சு, எந்திரிச்சேன். தெறந்துவிட்டேன். அப்பவும் போகல. நீங்க வருவீங்கன்னு பாத்தேன். வரல. அதான் நானே வந்தேன்."

சுதாராணியின் உடம்பில் காய்ச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையாவது சொல்ல வேண்டும், உனக்குக் குழந்தை இருக்கிறது, காலம் மாற்றும் என்றெல்லாம் நாக்கின் நுனியில் வந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள், டம்ளரில் ரோகிணியின் பிடி கொஞ்சம் தளரும்வரை.

"நல்லவேளை வந்த," என்றாள். "மூஞ்சியக் கழுவு. கொடைக்கானல் போவோம். அந்த டாக்டரப் பாப்போம்."

"காய்ச்சலோடயா?"

"எனக்கும் மருந்து வேணும்ல."

பஸ் நிற்கும் இடத்தில், மம்பட்டியும் சோற்று வாளியுமாக நடவுக்குப் போகும் பெண்கள் நின்றிருந்தார்கள். மாற்றாள் வரிசையைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அன்னக்கொடிதான். நாற்பது தாண்டிய, கனத்த குரல்காரி. இவர்கள் இருவரையும் பார்த்ததும் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எங்கடி ரெண்டு பேரும், இம்புட்டு வெள்ளனே?"

கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. துக்க வீட்டு மனுசியிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அவள் முகம் தவிக்க, மற்ற பெண்கள் சாலையைப் பார்த்தார்கள். சுதாராணி, எனக்குத்தான் காய்ச்சல் மதினி என்று சொல்ல வாயைத் திறந்தாள். பொய்யும் இல்லை, எல்லாருக்கும் வசதியான பதில்.

ரோகிணி முந்திக்கொண்டாள்.

"மனசுக்கு வைத்தியம் பாக்கப் போறேன் மதினி. அவரு போனதுலருந்து எனக்கும் போயிரணும்னு தோணுது. அத நிப்பாட்ட மருந்து இருக்காம். வயித்துவலி இல்ல."

ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அன்னக்கொடி சோற்று வாளியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எங்க அண்ணன் திருமலைச்சாமிக்கும் வயித்துவலின்னுதான் சொன்னோம்," என்றாள். எப்போதும் பள்ளம் தாண்டிக் கேட்கும் குரல், பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்பதே கஷ்டமாக வந்தது. "எங்கம்மா எனக்கே அப்பிடித்தான் சொல்லுச்சு. நான் கலியாணமாகி வர்ற வரைக்கும், எனக்கும் அந்த வயித்துவலி வந்துருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் வயிறு நொந்தாலும் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. ரோகிணி அவளையே பார்த்தாள்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் ஏறினார்கள். ஜன்னலோரம் ரோகிணியை உட்கார வைத்துவிட்டுச் சுதாராணி பக்கத்தில் சரிந்தாள். பஸ் நகரும் நேரத்தில் அன்னக்கொடி ஜன்னலருகே வந்தாள்.

"ஏ ரோகிணி. வெரசா வந்துரு. நாளைக்கு எங்க காட்டுல நடவு, ஆளு பத்தல."

"மதினி, இன்னும் வருசம் முடியலயே," என்று பின்னாலிருந்து ஒருத்தி இழுத்தாள்.

"பூண்டு காத்துக்கெடக்குமாக்கும், வருசம் முடியட்டும்னு? நீ சும்மா இருடி."

பஸ் வளைவில் திரும்ப, பெண்கள் மறைந்தார்கள். சுதாராணி கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் திரும்ப வந்துவிட்டிருந்தது. நாளைக்கு ரோகிணி நடவுக்குப் போவாளா, அந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் யாராவது குத்தவைப்பார்களா, டாக்டர் இன்று இருப்பாரா, எதுவும் தெரியாது. தோளில் ஒரு தோள் அழுத்திக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. ரோகிணியின் மடியில் இன்னும் அந்த வெறும் டம்ளர் இருந்தது, வைத்துவிட்டு வர மறந்திருந்தாள்.

வில்பட்டிப் பக்கம் பனி விலகி வெயில் அடித்தபோது ரோகிணி அவளைத் தொட்டாள்.

"அக்கா. கோழியத் தெறந்துவிட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் அடைக்கணும். அதுக்குள்ள வந்துருவோமா?"

"வந்துருவோம்," என்றாள் சுதாராணி.